வி. சுந்தரமூர்த்தி: கலைஞராய் ஆடியவர், காவலராய்ப் பயிற்றுவித்தவர்

சிங்கப்பூர்க் கால்பந்தின் தமிழ் ஆளுமைகளில் வி. சுந்தரமூர்த்தி (பிறப்பு: அக்டோபர் 6, 1965) தனித்துப் பேசப்பட வேண்டியவர். தாக்கும் நடுக்கள வீரராகவும் முன்கள வீரராகவும் ஆடிய அவரை ரசிகர்கள் 'டாஸ்லர்' என்று அழைத்தனர். காலில் பந்தை வைத்துக்கொண்டே எதிரணித் தடுப்பாளர்களைத் திணறடித்த ஆட்டம் தேடித்தந்த பெயர் அது. 1980-களின் முதற்பாதியில், பதின்ம வயதிலேயே அவர் தேசிய அணிக்கு வந்துவிட்டார்.

அந்நாளில் சிங்கப்பூருக்கென்று தொழில்முறை லீக் இல்லை. 1921-ல் தொடங்கிய மலேசியக் கோப்பைப் போட்டியில் மலேசிய மாநிலங்களோடு ஓர் அணியாகச் சிங்கப்பூரும் ஆடிவந்தது. கால்பந்தையே பிழைப்பாகக் கொள்ள நினைத்தவர்கள் கடல் கடக்க வேண்டியிருந்தது. 1983-ல் ஃபாண்டி அகமது நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்குச் சென்றார். சுந்தரமூர்த்தி மலேசியாவின் கெடா அணிக்கு ஆடினார். 1989-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் அணியில் இடம்பெற்றார். பாசல் அப்போது இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது. ஆயினும் தென்கிழக்காசிய வீரர் ஒருவருக்கு ஐரோப்பிய ஒப்பந்தம் அரிதினும் அரிதாயிருந்த காலம் அது.

1993-ல் கல்லாங் தேசிய அரங்கில் புருணைக்கு எதிராக அவர் அடித்த கோல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. கோலுக்கு முதுகைக் காட்டி, அந்தரத்தில் உடலைப் புரட்டி, தலைக்கு மேலாக உதைத்த 'சைக்கிள் கிக்' அது. அவ்வாண்டு மலேசியக் கோப்பை இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் கெடாவிடம் 0–2 என்று தோற்றது. மறு ஆண்டு பஹாங்கை 4–0 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றிய அணியில் சுந்தரமூர்த்தி இல்லை. அவருடைய திறமைக்கு அது பெரிய இழப்பு. நுழைவுக் கட்டண வருவாய்ப் பங்கீட்டில் எழுந்த பிணக்கால் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996-ல் சொந்தமாக எஸ்-லீக்கைத் தொடங்கியது.

அவர் பயிற்சியாளரானது இந்தப் புதிய லீக்கில்தான். உட்லண்ட்ஸ் வெலிங்டனுக்கு ஆடியபின், ஜூரோங் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேரப் பணியாற்றினார். பிறகு இளைஞர்களைக் கொண்ட யங் லயன்ஸ் அணியைப் பயிற்றுவித்தார்.

அவருடைய பயிற்சிப் பணியின் உச்சம் லயன்ஸ்-XII அணி. இரு நாட்டுக் கால்பந்துச் சங்கங்களும் உடன்பாடு கண்டதால் 2012-ல் சிங்கப்பூர் இவ்வணியின் வழியே மலேசிய சூப்பர் லீக்குக்குத் திரும்பியது. பெரும்பாலும் இளைஞர்கள்; அவர்களுக்குத் துணையாக ஷாரில் இஷாக், பைஹாக்கி கைசான் போன்ற சில மூத்தவர்கள். முதல் ஆண்டிலேயே அணி இரண்டாமிடம் பெற்றது. 2013 ஜூலை 2 அன்று ஜாலான் புசார் அரங்கில் ஃபெல்டா யுனைடெட்டை 4–0 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது. அணியின் பலம் தனிமனித வித்தையில் இல்லை. வரிசை குலையாத தற்காப்பிலும் சலியாத ஓட்டத்திலும் இருந்தது. தன் இளமையில் துணிந்து பந்தைக் கடத்திச் சென்றவர், பயிற்சியாளரானபோது ஒழுங்கையே முதலாவதாகக் கேட்டார். கையிருந்த இளம் அணிக்கு அது பொருத்தமான முடிவு என்றே கொள்ள வேண்டும்.

அதே எச்சரிக்கை தேசிய அணிக்குப் பயன்படவில்லை. டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணியிலிருந்த சுந்தரமூர்த்தி, 2016 மே மாதம் ஜெர்மானியரான பெர்ண்ட் ஷ்டாங்கேயின் இடத்துக்குத் தேசிய அணிப் பயிற்சியாளராக வந்தார். அவ்வாண்டு தென்கிழக்காசியக் கோப்பையில் சிங்கப்பூர் பிலிப்பீன்ஸுடன் கோலின்றிச் சமன் செய்தது. தாய்லாந்திடமும் இந்தோனேசியாவிடமும் தோற்றுக் குழுச் சுற்றோடு வெளியேறியது. அளவு மீறிய தற்காப்பு என்ற விமர்சனம் வலுத்தது. 2019 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் கிட்டவில்லை. இரண்டு சமன்களோடு அணி கடைசியிடம் பெற்றது. தவற்றை முழுவதும் அவர்மேல் சுமத்துவது நியாயமாகாது. கோல் அடிக்கவல்ல முன்கள வீரர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. 2018 ஏப்ரலில் இருதரப்பு ஒப்புதலுடன் அவர் பொறுப்பை விட்டார். அணி இடைக்காலமாக ஃபாண்டி அகமதுவின் கைக்குச் சென்றது.