கைரோவில் நான்கு பந்துகள்

பினாங்கு, புக்கிட் டம்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையத்துக்கு நிக்கோல் டேவிட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எட்டு முறை உலகச் சாம்பியன் ஆயிற்றே! ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று தெரிய 2014ஆம் ஆண்டு ஒன்றே போதும் என்பேன்.

அதற்குமுன் கொஞ்சம் பூர்வ கதை. 1983இல் பினாங்கில் பிறந்தவர். அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீனர். 15 வயதில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம். 1999, 2001இல் உலக ஜூனியர் பட்டங்கள். 2002இல் புசான் ஆசிய விளையாட்டு இறுதியில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்றதும் மட்டையைச் சிறிது காலம் ஓரமாக வைத்துவிட்டார். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லிஸ் இர்விங்கிடம் போய்ச் சேர்ந்தார். 2005இல் முதல் உலகப் பட்டம். 2006 ஆகஸ்டிலிருந்து உலகத் தரவரிசையில் முதலிடம், அசைக்க ஆளில்லை.

2014 மார்ச்சில் உலகப் போட்டி பினாங்குக்கே வந்தது. சொந்த ஊர், சொந்த சனம். பட்டம் அவருக்குத்தான் என்று ஊரே நம்பியது. அரையிறுதியில் எகிப்தின் 18 வயது நூர் எல் ஷெர்பினி அவரை வெளியேற்றினார். கோப்பை இங்கிலாந்தின் லாரா மசாரோவுக்குப் போனது.

அடுத்த உலகப் போட்டி அதே ஆண்டு டிசம்பரில் கைரோவில். இறுதியில் எதிரே நின்றவர் உள்ளூர்ப் பெண் ரனீம் எல் வெலிலி. ஐந்தில் மூன்று கேம் எடுத்தால் வெற்றி. ரனீம் ஏற்கெனவே இரண்டை எடுத்துவிட்டார். நான்காவதிலும் 10-6 என முன்னிலை. இன்னும் ஒரே ஒரு புள்ளிதான்! நிக்கோல் அதைக் கொடுக்கவில்லை. நான்கு மேட்ச் பாலையும் ஒவ்வொன்றாகத் தாண்டி 10-10 ஆக்கி, 14-12 என்று அந்தக் கேமைப் பிடுங்கினார். ஐந்தாவது 11-5. எட்டாவது பட்டம் அப்படி வந்ததுதான். பினாங்கில் கைநழுவியதை எகிப்துக்காரர்களின் வாசலிலேயே போய் எடுத்து வந்த ஆட்டம் அது. மற்ற ஏழையும்விட எனக்கு இதுதான் ஒசத்தி.

ரனீமும் லேசுப்பட்டவர் அல்லர். 2015 செப்டம்பரில், ஒன்பது ஆண்டுகளாக விடாமல் நிக்கோல் வைத்திருந்த முதலிடத்தைப் பறித்தவர் அவரேதான். அதன்பின் நிக்கோலுக்கு உலகப் பட்டம் கிட்டவில்லை. 2019இல் ஓய்வு பெற்றார். ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்கச் சொல்லி அவர் வருடக்கணக்கில் வாதாடியும் அவர் காலத்தில் அது நடக்கவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில்தான் முதல்முறையாக ஆடப்போகிறார்கள்.