யோபு நூலும் கிறிஸ்தவ விளக்க மரபும்

யோபு, பழைய ஏற்பாட்டின் ஞான நூல்களுள் ஒன்று. 42 அதிகாரங்கள் கொண்டது. பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் உருப்பெற்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. குற்றமற்றவர் ஏன் துன்பப்படுகிறார், அந்தத் துன்பத்தின் நடுவிலும் கடவுளின் நீதியை எப்படி நம்புவது என்ற கேள்வி எழும்போதெல்லாம் கிறிஸ்தவர்கள் முதலில் திறப்பது இந்நூலைத்தான்.

ஊத்ஸ் தேசத்து யோபு நீதிமான், செல்வர். ஆதாயம் இல்லாமலா அவர் கடவுளுக்குப் பயப்படுகிறார் என்று சாத்தான் கேட்கிறான். ஒரே நாளில் மந்தைகளும் 10 பிள்ளைகளும் போய்விடுகின்றன. பிறகு உடலெங்கும் கொடிய புண்கள். முதல் இரண்டு அதிகாரங்களில் யோபு கடவுளைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் ஏழு நாள் தரையில் அமர்ந்து மௌனமாக இருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் சிறந்த காரியம் அதுவே. வாய் திறந்ததும், பாவம் இல்லாமல் துன்பம் வராது என்று வாதாடத் தொடங்குகிறார்கள். யோபு அதை ஏற்க மறுத்து, கடவுளோடு நேருக்கு நேர் வழக்காட வேண்டும் என்கிறார்.

கடைசியில் பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். பூமியின் அஸ்திவாரம், கடலின் எல்லை, காட்டுக் கழுதை, லிவியாதான் என்னும் பெரும் கடல்விலங்கு என்று கேள்விமேல் கேள்வி கேட்கிறார். துன்பத்தின் காரணத்தை மட்டும் சொல்வதில்லை. ஆனால் 42:7இல் ஒரு தீர்ப்பு வருகிறது: தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபு, அந்த நண்பர்கள் அல்ல. கடவுளின் நீதிக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். அவரிடமே முறையிட்டவர் ஏற்கப்படுகிறார். நூலின் அச்சாணி இந்த வசனம்தான். பிற்கால விளக்கங்களில் பல இதை எளிதாகக் கடந்துபோனது வருத்தத்துக்குரியது.

நண்பர்களின் கணக்கை இயேசுவும் ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்கிறார் (லூக்கா 13). பிறவிக் குருடரைப் பற்றி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அவருடைய பதில் அதே திசையில் செல்கிறது (யோவான் 9). ஆனால் திருச்சபையின் நினைவில் ஆழமாகப் பதிந்தது யாக்கோபு நிருபம் 5:11 காட்டும் பொறுமையின் யோபுதான்.

அந்தச் சித்திரத்தை மேற்கில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் பெரிய கிரகோரியார். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கான்ஸ்டான்டிநோபிளில் போப்பின் தூதராக இருந்தபோது, உடனிருந்த துறவியருக்கு இந்நூலை விளக்கத் தொடங்கினார்; அது பின்னர் 35 பாகங்களாக விரிந்தது. அதில் யோபு, கிறிஸ்துவுக்கும் துன்புறும் திருச்சபைக்கும் முன்னடையாளம். வயிற்று நோயாலும் காய்ச்சலாலும் ஓயாது வருந்தியவர் கிரகோரியார். அடிபட்ட யோபை அடிபட்ட ஒருவனே விளக்கட்டும் என்பது கடவுளின் திட்டமாக இருக்கலாம் என்று அவர் எழுதியது, அந்தப் பெருநூலிலேயே மனத்தைத் தொடும் இடம். இடைக்காலத்தில் இறந்தோருக்கான இரவு வழிபாட்டின் ஒன்பது வாசகங்களும் யோபிலிருந்தே எடுக்கப்பட்டன. இவ்வாறு நூலின் முறையீட்டுக் குரல் வழிபாட்டில் பாதுகாக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் உருவகங்களை விலக்கி நேர்ப்பொருளில் உரை எழுதி, நீதி முழுமையாக வெளிப்படுவது மறுமையில் என்றார்.

ஜெனீவாவில் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் 1554–55இல் வார நாட்களில் யோபைப் பற்றி 159 பிரசங்கங்கள் செய்தார். பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த அகதிகள் நிறைந்த நகரம் அது. யோபின் வழக்கு நல்லது, அதை அவர் நடத்திய விதம் தவறு. நண்பர்களின் வழக்கு கெட்டது, அவர்கள் பேசியதோ நல்ல வாதம் என்பது கால்வினின் கணிப்பு. மனிதர் அறியும் நீதிக்கு அப்பால் மறைந்திருக்கும் ஒரு நீதி கடவுளிடம் உண்டு, அதற்குப் பணிவதே விசுவாசம் என்று அவர் போதித்தார். இதில் ஆறுதல் உண்டு. ஆனால் யோபின் அழுகுரலுக்கு நூல் தரும் இடத்தைக் கால்வின் தரவில்லை.

1710இல் தத்துவவாதி லைப்னிட்ஸ், படைக்கக்கூடிய உலகங்களில் சிறந்தது இதுவே என்று தத்துவ வழியில் கடவுளின் நீதியை நிறுவ முயன்றார். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் மக்கள் ஆலயங்களில் கூடியிருந்தபோது லிஸ்பன் நகரை நிலநடுக்கமும், தொடர்ந்து ஆழிப்பேரலையும் தீயும் அழித்தன. லைப்னிட்ஸின் வாதம் பலருக்கு நம்ப முடியாததாயிற்று. 1791இல் இம்மானுவேல் கான்ட், இவ்வகைத் தத்துவ முயற்சிகள் அனைத்தும் தோற்றுவிட்டன என்று ஒரு கட்டுரை எழுதினார். யோபின் நண்பர்கள் கடவுளின் தயவைப் பெறுவதற்காகப் பேசினார்கள், யோபோ தாம் உணர்ந்ததைச் சொன்னார் என்று 42:7ஐ மீண்டும் நடுவில் வைத்தவர் அவர். பிரஷ்யாவில் சமயக் கருத்துகளுக்குத் தணிக்கை இறுகியிருந்த காலத்தில் இதை எழுதத் துணிவு வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டு இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரஸ் இந்நூலை ஏழைகளின் நடுவிலிருந்து வாசித்தார். அயாக்குச்சோ பகுதியில் தொடங்கிய உள்நாட்டுப் போர் ஏழை விவசாயிகளைப் பலிகொண்டிருந்த ஆண்டுகளில், 1986இல், அவருடைய யோபு உரை வெளிவந்தது. அவர் அழுத்திக் காட்டுவது 24ஆம் அதிகாரத்தை. அதுவரை பெரிதும் தம் வலியைப் பேசிய யோபு, அங்கே திக்கற்றவர்களின் கழுதை ஓட்டிச்செல்லப்படுவதையும், விதவையின் மாடு அடகாகப் பிடிக்கப்படுவதையும், உடுக்க ஆடையின்றிக் குளிரில் கிடப்பவர்களையும் கடவுள் முன் கொண்டுவருகிறார். அநீதியை எதிர்க்கும் தீர்க்கதரிசன மொழி ஒன்று, கைம்மாறு கருதாத கடவுளின் அன்பைத் தியானிக்கும் மொழி மற்றொன்று. யோபு இரண்டையும் கற்றார், ஒன்றை விட்டால் மற்றது கடவுளைப் பற்றிய பேச்சாக நிலைக்காது என்பது குத்தியேரஸின் முடிவு.