மனநல சிகிச்சையை மக்களிடம் கொண்டு சென்ற ஆய்வாளர் விக்ரம் பட்டேல்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான். வேறு எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மனநல மருத்துவரே இல்லாத ஊரில் மனநோயாளிக்கு யார் சிகிச்சை அளிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் டாக்டர் விக்ரம் பட்டேல்.

ஜிம்பாப்வே தந்த பாடம்

மும்பையில் மருத்துவம் படித்து, பிரிட்டனில் மனநல மருத்துவப் பயிற்சி பெற்றவர் பட்டேல். 1990களின் தொடக்கத்தில் ஆய்வுக்காக ஜிம்பாப்வே சென்றார். மனச்சோர்வு என்பது மேலை நாட்டவரின் நோய் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. ஆனால் அந்நாட்டு மக்கள் 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று தங்கள் மொழியில் சொல்லி வந்த துன்பம், மனச்சோர்வோடு பெரிதும் ஒத்திருப்பதை அவர் கண்டார். அங்கிருந்த மனநல மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இந்தியா திரும்பியதும் 1996இல் நண்பர்களுடன் சேர்ந்து கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மனநல மருத்துவர் இல்லாத இடங்களில் பணிபுரியும் சுகாதாரப் பணியாளர்களுக்காக அவர் எழுதிய கையேடு 2003இல் வெளியானது.

கோவாவில் நடந்த ஆய்வுகள்

மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே ஆலோசனை வழங்க வைத்தார் பட்டேல். கடினமான நிலையில் இருப்போரை மட்டும் மருத்துவரிடம் அனுப்புவது இதன் முறை.

2010இல் வெளியான 'மனஸ்' ஆய்வில், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 66 விழுக்காட்டினர் 6 மாதங்களில் குணமடைந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது சுமார் 42 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் நடந்த அடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. 6 முதல் 8 அமர்வுகள் வரை நேரில் பேசி, நோயாளி கைவிட்ட அன்றாட வேலைகளையும் உறவுகளையும் படிப்படியாக மீட்க உதவினார்கள். 3 மாதங்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டனர். ஒப்பிடப்பட்ட பிரிவில் மீண்டவர்கள் 39 விழுக்காட்டினர்.

இதன் தேவை எவ்வளவு பெரியது? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறுவதில்லை.

சட்டம் தரும் உரிமை

2014இல் இந்தியாவின் முதல் தேசிய மனநலக் கொள்கை வெளியானது. அதை உருவாக்கிய குழுவில் பட்டேலும் இருந்தார். தொடர்ந்து வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 நம் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒன்று:

• அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம்.
• மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது.
• உடல் நோய்களுக்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் வீடுகளில் மனச்சோர்வு பெரும்பாலும் அந்தப் பெயரில் வருவதில்லை. தூக்கமின்மை, ஓயாத உடல்வலி, தீராத களைப்பு, எதிலும் நாட்டமின்மை என்றே வெளிப்படுகிறது. இவற்றைச் 'சோம்பல்' என்றும், கடுமையான நோயைக் 'காத்துக் கருப்பு' என்றும் சொல்லி ஒதுக்குவதால் காலம்தான் வீணாகிறது. மகளின் திருமணப் பேச்சு தடைபடுமே என்று நோயை மறைப்பதும் அவளுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

துஆவை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிரார்த்தனையையும் மருந்தையும் இணைக்கும் 'தவா-துஆ' திட்டம் ஏர்வாடியிலேயே நடைமுறைக்கு வந்தது.

14416 என்ற இலவச எண்ணில், அரசின் டெலி மனஸ் சேவையில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணை எழுதி வைப்போம். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களாலும் நோயாளியை மீட்க முடியும் என்று கோவா காட்டியிருக்கிறது. நம் மஹல்லாவிலும் படித்த இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடைக்க வழி செய்வது நம் பொறுப்பு.