இறங்கி நின்ற மரியாதை

சைக்கிளில் போகும்போது எதிரே பெரியவர் வந்தால் இறங்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு பேலன்ஸ் பழக்கியவர்கள் இதையும் சேர்த்தே பழக்கினார்கள். வாத்தியார், ஊர்ப் பெரியவர், தாய்மாமன், வைத்தியர் என்று யாராக இருந்தாலும் கொஞ்ச தூரத்துக்கு முன்பே வலது காலைக் கேரியருக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, இடது பெடலில் ஒற்றைக் காலில் நின்றபடி வேகத்தைக் குறைத்து, அவர் பக்கத்தில் வரும்போது தரையில் நிற்க வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை விட வேண்டும். "எங்கப்பா இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு அவர் கடந்துபோன பிறகுதான் மறுபடி ஏறலாம். நெல் மூட்டையோ பால் கேனோ கட்டியிருப்பவருக்கு விலக்கு உண்டு. "ஏறு, ஏறு, இறங்காத" என்று பெரியவரே கையமர்த்திவிடுவார். அப்படிக் கையமர்த்தத் தெரியாதவரை ஊர் பெரியவராக மதித்ததில்லை.

இதையெல்லாம் நான் பார்த்தது அப்பாவின் வாடகை சைக்கிள் கடையிலிருந்து. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையோரம், எழுபதுகளில். மட்கார்டில் வெள்ளை பெயிண்டால் நம்பர் எழுதிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டு என் கைக்கு வந்துவிடும். நம்பர், பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம், காசு. கடை நிறைய சைக்கிள் இருந்தும் பெண்பிள்ளை என்பதால் நான் ஏறியதில்லை. அதனாலேயே ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் கூர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

சமவயதுக்காரர்களுக்குள் இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. பெல்லை ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் அவர்களுக்குள் இதைவிடப் பெரிய ஒரு மரியாதை இருந்தது. ராத்திரி விளக்கில்லாமல் ஓட்டுவதும் டபுள்ஸ் போவதும் அன்று குற்றம். டைனமோ வாங்க முடியாதவன் மண்ணெண்ணெய் விளக்கை ஹேண்டில்பாருக்கு முன்னால் மாட்டிக்கொண்டு போவான். காற்றில் அது அணைந்துவிடும். போலீஸ்காரர் பிடித்தால் வால்டியூபைப் பிடுங்கிக்கொண்டு, காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். ஆகவே எதிரே வருகிறவன், முகம் தெரியாத இருட்டிலும், "முக்கத்துல நிக்கிறாங்க, எறங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. இருட்டில் சாதியும் தெரியாது. சாலையில் நான் கேட்டதிலேயே சுத்தமான வணக்கம் அதுதான்.

வணக்கமே சொல்லாத சைக்கிள்காரரும் உண்டு. கேதம் சொல்லப் போகிறவர். டெலிபோன் இல்லாத காலத்தில் சாவுச் சேதியை ஊர் ஊராகச் சைக்கிளில்தான் கொண்டுபோனார்கள். அவர் பெல் அடிக்கமாட்டார், வழியில் யாரையும் நலம் கேட்கமாட்டார், சொல்ல வேண்டிய வீட்டில் சொல்லிவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமலே திரும்புவார். அப்பா அந்த வாடகையை அப்போதே கேட்கமாட்டார். நோட்டில் பெயரை மட்டும் எழுதச் சொல்வார்.

இன்னொரு இறக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து அண்ணன்மார் சிலர் எங்கள் கடையில் சைக்கிள் எடுப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகிற பாதை ஊர்த்தெரு வழியாகப் போகிறது. தெரு முனை வந்ததும் இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தெரு முடியும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். திண்ணையில் பெரியவர் இருந்தாலும் சரி, வெறும் திண்ணையாக இருந்தாலும் சரி. பத்து வயதுப் பையன் ஒருவன் எதிரே வந்தாலும் சரி. வாத்தியாரைக் கண்டு இறங்குகிறவன் ஒரு மனிதருக்காக இறங்குகிறான். இவர்கள் ஒரு தெருவுக்காக இறங்கினார்கள். இரண்டுக்கும் அன்று மரியாதை என்றே பெயர். அப்பா அரசியல் பேசாதவர். ஆனால் அவர்கள் சைக்கிளைத் திரும்ப விடும்போது கடிகாரத்தைப் பார்த்து, "கால் மணி நேரம் தள்ளிப் போடு" என்பார். தள்ளிக்கொண்டு நடந்த நேரத்துக்கு அவர் காசு வாங்கியதில்லை. நோட்டில் அந்தக் கால் மணிக்கு நான் ஒரு சின்னக் கோடு போடுவேன்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு நீளமான சங்கிலி இருக்கிறது என்பது ஆசிரியப் பயிற்சி முடித்து நாலு புத்தகம் படித்த பிறகுதான் தெரிந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, பெண்கள் பூ வைக்கக்கூடாது என்று போகும் அந்தப் பட்டியலை மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பதும் அதில் உண்டு. சைக்கிள் அதில் இல்லை. அன்றைக்கு இறக்குமதிச் சைக்கிள் வாங்கும் வசதி கிராமத்தில் யாருக்கு இருந்தது? 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்து, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் தயாராகத் தொடங்கிய பிறகுதான் கூலிக்காரர் கைக்கும் வாடகைக்காவது ஒன்று வந்தது. வந்த வேகத்தில் குடைக்கும் செருப்புக்கும் அடுத்த இடத்தில் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

காலப்போக்கில் எல்லாம் தானாக மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கு ஒரு சட்டப் பிரிவைக் காட்டுகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு, புதுத்துணி அணிவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. சைக்கிள் என்ற சொல்லையே சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது, அதுவும் 2015-இல். முதன்முதலில் அதைப் படித்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது அப்பாவின் நோட்டிலிருந்த கோடுகள்.

இறங்காமலே வணங்கிக்கொண்ட சைக்கிள்காரர்களும் உலகத்தில் இருந்தார்கள். அம்பத்தூரில் தயாரான அந்த ஹெர்குலிஸ் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில். அதே நகரத்தில் 1894-இல் டாம் கிரூம் என்பவரும் தோழர்கள் சிலரும் கூடி ஒரு சோஷலிச சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள். ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய 'கிளாரியன்' பத்திரிகையின் பெயரைச் சீக்கிரமே அந்தச் சங்கத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டுப்பிரசுரங்களை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்கு மிதித்துப் போவார்கள். பெண்களும் சேர்ந்தார்கள். பிற்பாடு ஓட்டுரிமைக்காகச் சிறை சென்ற கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் மான்செஸ்டர் கிளையில் சைக்கிள் ஓட்டியவர். சாலையில் ஒரு கிளாரியன்காரர் இன்னொருவரைக் கண்டால் "பூட்ஸ்!" என்று கத்துவார். எதிரே வருகிறவர் "ஸ்பர்ஸ்!" என்று பதில் கொடுப்பார். யாரும் இறங்குவதில்லை. சீட்டில் இருந்தபடியே, போகிற வேகத்திலேயே.

ஜெர்மனியிலும் இதே கதைதான், இன்னும் தீவிரமாக. அங்கே வசதிபடைத்தவர்களின் சைக்கிள் சங்கங்கள் "ஆல் ஹைல்!" என்று வணங்கிக்கொண்டன. 1896-இல் ஆஃபன்பாக் நகரில் தொடங்கிய தொழிலாளர் சைக்கிள் சங்கமான 'சாலிடாரிட்டேட்' தனக்கென்று வேறு வணக்கம் வைத்துக்கொண்டது: "ஃபிரிஷ் அவுஃப்!" ஆகவே எதிரே வருகிறவர் வாயைத் திறந்ததுமே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முதல் உலகப்போருக்கு முன்பே ஒரு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் அதில் இருந்தார்கள். கூட்டுறவாகச் சொந்தத் தொழிற்சாலை வைத்துச் சைக்கிள் செய்து, அதற்கும் அந்த வணக்கத்தின் பெயரையே வைத்தார்கள். 1933-இல் நாஜிகள் அந்தச் சங்கத்தைத் தடை செய்தார்கள். உரக்கச் சொல்லும் ஒரு வணக்கம் ஆட்சியாளருக்கு எவ்வளவு உறுத்தும் என்பது எங்கள் ஊர்த்தெருவைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும்.

எங்கள் மாவட்டத்தில் அந்த உரத்த குரல் 1991-இல் கேட்டது. அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஊர்விட்டு ஊர் போக ஆண் துணையை எதிர்பார்க்கிற பெண் பாடம் எடுக்கவும் வரமாட்டாள், படிக்கவும் வரமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நானும் தொண்டராகச் சேர்ந்தேன். அப்பாவின் கடைச் சைக்கிளில் முதன்முறையாக ஏறினேன், கல்யாணமான பிறகு.

கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள், களையெடுக்கிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள், கிராம நர்ஸுகள், கல் பட்டை தீட்டும் பெண்கள் எல்லோரும் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டோம். அதன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே நல்லது என்றார்கள் பல தாய்மார்கள். கேலி பேசினார்கள், கெட்ட பேச்சும் பேசினார்கள். ஆனால் ஒரு பெண் தனியாக ஓட்டும்போது பேசிய வாய், பத்துப் பெண்கள் சேர்ந்து வரும்போது மூடிக்கொண்டது.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. எதிரே மாமனார் வந்தால் என்ன செய்வது? புடவையில், பாரில் குழந்தையோடு, ஜென்ட்ஸ் சைக்கிளிலிருந்து இறங்குவது லேசான காரியமில்லை. இறங்கினால் மறுபடி ஏறுவதற்கு ஒரு கல்லையோ மேட்டையோ தேட வேண்டும். இதைப் பற்றி ஒரு சாயங்காலம் பயிற்சித் திடலில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் வயதில் மூத்த ஒரு கல்குவாரி அக்கா சொன்னார்: "எறங்குனா விழுவோம். விழுந்தா அவருக்குத்தான் அவமானம். பெல்லை அடிச்சு, 'வரேன் மாமா'ன்னு சொல்லிட்டுப் போவோம்." அப்படியே செய்தோம். முதல் சில வாரம் மாமனார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் "பாத்துப் போம்மா" என்று பதில் வந்தது. சேரிப் பெண்களும் ஊர்த்தெருப் பெண்களும் ஒரே வரிசையில் போன ஊர்வலங்களில், அந்தப் பழைய தெருமுனையை நாங்கள் மிதித்தபடியே கடந்தோம். அன்றோடு அங்கே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மறுநாள் தனியாக வந்தவர்கள் இறங்கித்தான் போனார்கள், இன்னும் சில வருஷங்களுக்கு.

2001-இல் அரசு பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில வருஷத்தில் அரசுப் பள்ளி மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது விரிந்தது. ஒரே நிறம், ஒரே மாதிரி. காலையில் எங்கள் பள்ளிக்கூடச் சாலையில் கும்பலாக வருவார்கள். "வணக்கம் டீச்சர்" என்று ஓடுகிற சைக்கிளிலிருந்தே குரல் வரும். பிள்ளைகளுக்கு இறங்கத் தெரியவில்லை, மரியாதை போய்விட்டது என்று என்னோடு வேலை பார்த்த மூத்த ஆசிரியர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை. கையை மட்டும் ஹேண்டில்பாரிலிருந்து எடுக்காதீர்கள், லாரி வருகிற ரோடு, பெல் அடித்தால் எனக்குப் போதும் என்று சொல்லி வைத்தேன்.

பாடை வந்தால் மட்டும் கட்டாயம் இறங்கச் சொல்லியிருக்கிறேன். ஓரமாக இறங்கி, அது கடந்து போகும்வரை நிற்க வேண்டும், எந்தத் தெருவிலிருந்து வருகிற பாடை என்று கேட்காமல்.