வேலன் அறியாத நோய்

நோய் என்னும் சொல் தமிழில் உடலுக்கு மட்டும் உரியதன்று. நோதல் என்பதனோடு வேர் ஒன்றிய அச்சொல், சங்கப் பாடல்களில் உடல் நலிவையும் உள்ளத் துயரையும் ஒருங்கே குறிக்கக் காண்கிறோம். உடலுக்கு ஒரு மருத்துவர், மனத்திற்கு ஒரு மருத்துவர் என்று பிரித்துப் பழகிவிட்ட இந்நாளில், எல்லாச் சோதனைகளும் நன்று என வந்தபின்னும் தீராத வலியைப் பற்றிப் பேச, அப்பழைய சொல்லாட்சியே நமக்கு வழித்துணையாகிறது.

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டை நினைத்துப் பார்ப்போம். தலைவி மெலிகிறாள். வளை கழல்கிறது, நெற்றியில் பசலை படர்கிறது, உணவு செல்லவில்லை, உறக்கமும் இல்லை. அஞ்சிய தாய் கட்டுவிச்சியை அழைத்து, முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். முருகு அணங்கிற்று என்று குறி வருகிறது. வேலன் வந்து களம் அமைத்து, மறியறுத்து ஆடுகிறான். நோயோ தீர்வதில்லை. இதனைப் பாடவென்றே ஐங்குறுநூற்றில் கபிலர் வெறிப்பத்து என ஒரு பத்தை அமைத்தார். நற்றிணையில் ஒரு தோழி, வேலன் அழைப்புக்கு வந்து நின்ற முருகனையே அறியாமை உடையவன் எனக் கடிந்துகொள்ளவும் துணிகிறாள். நோயின் காரணம் மலைநாடன்மேல் கொண்ட காதல் என்பதை அவள் அறிவாள். அதனை உரிய வேளையில் உரியவரிடம் எடுத்துரைப்பதே அறத்தொடு நிற்றல் என்னும் துறையாயிற்று.

இக்காட்சியில் நம் கருத்தைக் கவர்வது வேலனின் தோல்வியன்று. தாய் காரணத்தில் பிழைத்தாள். ஆனால் மகள் நடிக்கிறாள் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. மெலிவு மெய் என்பதில் தாய்க்கோ வேலனுக்கோ தோழிக்கோ ஐயம் எழவில்லை. இன்றோ, சோதனைத் தாள்களைப் புரட்டிவிட்டு "ஒன்றுமில்லை" என்று மருத்துவர் கூறும் ஒரு சொல், வீட்டை அடைவதற்குள் "எல்லாம் பாசாங்கு" என்று மாறிவிடுகிறது. வலியோடு வந்தவள் வலியோடும் பழியோடும் திரும்புகிறாள்.

மேலை நாட்டு வரலாறும் இவ்வகையில் பெருமைப்படத்தக்கதன்று. பெண்டிரின் விளங்காத நோய்களுக்கெல்லாம் கருப்பையே காரணம் என்ற கிரேக்கக் கருத்திலிருந்து பிறந்ததே ஹிஸ்டீரியா என்னும் பெயர். 1866இல் லண்டன் அறுவை மருத்துவர் எரிக்சன், இரயில் விபத்துகளில் பெருங்காயமின்றித் தப்பியவர்களை நெடுநாள் வாட்டிய வலிகளைப் பற்றி எழுதினார். இழப்பீட்டு வழக்குகளில் அவ்வலி மெய்யா பொய்யா என்பதே பெரும் பூசலாயிற்று. முதல் உலகப்போரில் கை நடுங்கியும் வாய் பேசாமலும் போன போர்வீரர்கள் கோழைகள் என்றே பலராலும் ஐயுறப்பட்டனர். கருப்பையைக் காரணம் காட்ட இயலாத இடத்தில், மனவுறுதி இல்லை என்று பழித்தார்கள்!

திருவனந்தபுரத்திற்கு வருவோம். சங்க காலத்தில் ஆய் வேளிர் ஆண்ட பொதியிலை அடுத்த நாடு இது. பிற்காலத் திருவிதாங்கூரின் இத்தலைநகரில் 1870இல் மனநல மருத்துவமனையும், 1889இல் ஆயுர்வேதப் பாடசாலையும், 1951இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. வாயு என்றும் எரிச்சல் என்றும் தரிப்பு என்றும் சொல்லி வருவோர் இவற்றுள் எந்த வாயிலில் நுழைவது? ஊளம்பாறை என்னும் பெயரே இங்கு ஏளனச் சொல்லாகிவிட்டமையால், மனநல மருத்துவமனையின் வாயில் எப்போதும் கடைசியாகவே தட்டப்பட்டது.

ஆயினும், விளங்காத வலியெல்லாம் மனத்தின் வலி என்று முடிவு கட்டுவதும் தவறு. 1960களில் பி. ஜே. கீவர்கீஸ் என்னும் கேரள மருத்துவர் ஆராய்ந்த நோயொன்றை நாம் மறத்தல் கூடாது. மதுப்பழக்கம் இல்லாத ஏழைச் சிறுவர்க்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். இளமையில் நீரிழிவு தோன்றும். நடுவயதைக் காணாமல் பலர் மறைவர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் கணையத்தில் கற்கள் தெரிந்தன. விசாகம் திருநாள் மன்னர் (1880-1885) ஊக்குவித்துப் பரவச் செய்த மரவள்ளிக் கிழங்கின்மேல் முதலில் ஐயம் எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. பின்னாளில் மரபணுக் கூறுகளும் இதனோடு தொடர்புடையன எனத் தெரியவந்தது. காரணம் இன்னும் முழுதும் விளங்காவிடினும், கல்லைக் கண்ட பின்னர் அவ்வலியைப் பொய் என்பார் இல்லை. படம் எடுக்குமுன் அதே வலி எத்தனை வீடுகளில் பள்ளிக்குப் போக மறுக்கும் சாக்காகக் கருதப்பட்டதோ!

கல்லில்லாத வலியும் உண்டு. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, கேரளத்திலிருந்து ஏறத்தாழ 13.6 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில் பணியாற்றிய ஆடவர். பொருள்வயிற் பிரிவு என்று தொல்காப்பிய மரபு கூறும் அதே பிரிவு, விமானத்தில் ஏறிச் சென்றது எனலாம். அம்மையத்தோடு தொடர்புடைய லீலா குலாத்தி, பின்தங்கிய மனைவியரின் வாழ்வை 1993இல் ஒரு நூலாகவே எழுதினார். கணவன் அனுப்பும் பணம், மாமியார் வீடு, தனிமை, ஊரார் கண் ஆகிய எல்லாச் சுமையையும் தாங்கிய பெண் "வருந்துகிறேன்" என்று சொல்ல இயலாத இடத்தில் "தலை வலிக்கிறது" என்று சொல்லலாம். புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மொழியும் இங்கே ஒரு தடை. மலையாளத்தில் சங்கடம் என்றால் துயரம். தமிழில் அது தர்மசங்கடம் அளவிலேயே நிற்கும். "நெஞ்சு சங்கடமாக இருக்கிறது" என்று தமிழ்ப்பெண் மருத்துவரிடம் கூறும்போது, அவர் காதில் விழுவது எது?

அச்சமும் துயரும் நரம்பு வழியே இதயத்துடிப்பையும் குடலியக்கத்தையும் தசையிறுக்கத்தையும் மாற்றுகின்றன. நெடுநாள் வலி, வலியை உணரும் அமைப்பையே கூர்மையாக்கிவிடுகிறது. ஆகவே வலி கற்பனையன்று. ஒரே மருத்துவர் குறித்த இடைவெளியில் தொடர்ந்து பார்ப்பது, முறையாக உடலை ஆராய்ந்தபின் வீண் சோதனைகளைத் தவிர்ப்பது, சிறுகச் சிறுக உடலியக்கத்தைக் கூட்டுவது, உரையாடல் வழி மருத்துவம், தேவைப்படின் மருந்து என்பனவே பயன் தருவனவாக அறியப்பட்ட வழிகள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோது, இத்தகைய நோயைக் குறிக்கக் காரணம் விளங்காமை வேண்டும் என்ற பழைய விதியைக் கைவிட்டது. காலம் கடந்தாயினும் நேர்ந்த நல்ல திருத்தம் என்றே கருதுகிறோம்.

கோவாவில் 1996இல் தொடங்கிய சங்காத் என்னும் அமைப்பின் பெயருக்குக் கொங்கணியில் உடனிருத்தல் என்ற கருத்து உண்டு. மருத்துவரல்லாத உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றி, பொது மருத்துவ நிலையங்களுக்கு வருவோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் உண்டா என அறிந்து உதவும் முறையை அவ்வமைப்பினர் ஆராய்ந்தனர். அரசு நிலையங்களில் அது நற்பயன் தந்ததை 2010இல் வெளியிட்டனர். கேரளத்திலும் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்கீழ், குடும்ப நல மையங்களில் ஆசுவாசம் என்னும் மனச்சோர்வுச் சேவை ஏற்படுத்தப்பட்டது. ஊளம்பாறை வரை செல்ல நாணும் ஒருத்தியிடம், அவள் வேறு நோய்க்காக வந்த இடத்திலேயே, உறக்கம் எப்படி, உள்ளம் எப்படி என்று செவிலியர் கேட்க அங்கே ஓர் இருக்கை போடப்பட்டது.