அன்று டி.வி.யை அணைத்தது யார்?



"நாங்களெல்லாம் தெருவில் விளையாடி வளர்ந்தோம், இந்தக் காலப் பிள்ளைகள் போனை விடுவதே இல்லை" என்று பலர் எழுதுகிறீர்கள். கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15இல். ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒளியும்', ஞாயிறு மாலை படம். பலருக்கு அது பக்கத்து வீட்டு டி.வி. (அந்த வீட்டு அம்மா முகம் சுளிப்பதற்குள் எழுந்து வந்துவிட வேண்டும்!) 1987இல் ராமாயணம் வந்த ஞாயிறு காலைகளில் கிட்டிப்புள், பம்பரம் எல்லாம் நின்றுதான் போயின. முடிந்ததும் பிள்ளைகள் மறுபடி தெருவுக்கு ஓடினார்கள். தொடர்ந்து பார்க்க வேறு சேனல் ஏது? அதை ஒழுக்கம் என்று நாம் பெருமை பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு கேபிள் வந்தது, 1993இல் சன் டி.வி. வந்தது, அப்புறம் கைக்குள் போன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, வேறு வழியின்றி, பாடம் படிக்க நாமே அதைக் கொடுத்தோம். சின்ன வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1இல். அதற்குள் ஒன்றாம் வகுப்புக் குழந்தை மைதானத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டது.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியிருந்தது. 3, 4 வயதுக் குழந்தை தினமும் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டுமாம்.

அன்று நிலையமே மூடிக்கொண்டது. இன்று உங்கள் வீட்டில் அணைப்பது யார்? கீழே எழுதுங்கள்.