சனதும் ஒரு பெயரும்: விடுதலைக்குப் பின் வ.உ.சி. குடும்பம்

கண்ணனூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. வெளிவந்த நாள் 1912 டிசம்பர் 12 என்றும் 24 என்றும் இரு விதமாக எழுதப்பட்டு வருகிறது. அதை இங்கே தீர்க்க முற்படவில்லை. நாள் எதுவானாலும் அந்தச் சிறைவாசலை நம் நினைவில் பதித்தவை ம.பொ.சி.யின் 'கப்பலோட்டிய தமிழன்' நூலும், அதைத் தழுவி 1961இல் இயக்குநர் பந்துலு எடுத்த படமும்தான். நோயுற்ற சுப்பிரமணிய சிவா காத்து நிற்கிறார், வரவேற்கக் கூட்டமில்லை. நாடு நன்றி மறந்தது, அதனால் தியாகி வறுமையில் வாடினார் என்னும் வாசிப்பு இந்தக் காட்சியில் வேர்கொண்டது. படத்தில் அந்த இடம் வரும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் வறுமைக்குக் காரணமாக இதை ஏற்க முடியவில்லை. அன்று ஆயிரம் பேர் மாலையோடு வந்திருந்தாலும் மறுமாத அரிசிக்கு அது வழியாகியிருக்காது.

வழி அடைபட்ட இடம் வேறு. தண்டனை பெற்ற பிளீடரின் குற்றம் ஒழுக்கக் குறையைக் காட்டுவதாகக் கருதினால், அவரைத் தொழிலிலிருந்து விலக்க உயர்நீதிமன்றத்துக்கு 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் கொடுத்தது. வ.உ.சி.க்கு விதிக்கப்பட்ட நாற்பதாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகி, கழிவும் போக நாலரை ஆண்டில் முடிந்தது. பறிபோன சனதுக்கோ, அதாவது வக்கீல் தொழில் உரிமத்துக்கோ, கழிவு என்று ஒன்று கிடையாது. வக்கீல் மகனாகப் பிறந்து வக்கீலாகவே வாழ்ந்தவர், சென்னையில் வாடகை வீடுகள் மாறிச் சில்லறை வியாபாரத்தில் இறங்கினார்.

மக்கள் மறந்தார்கள் என்பதற்கு எதிரான சான்று 347 ரூபாய் 12 அணா. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டி காந்தியிடம் கொடுத்த தொகை அது. 1915இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்துக்குப் பின், 1916 தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி இக்கடிதங்களைத் தனி நூலாக்கியிருக்கிறார். கடல் கடந்து போன கூலிக் குடும்பங்களுக்கு நினைவிருந்தது. வ.உ.சி.யின் பெரம்பூர் வீட்டுக்கு அந்த நினைவு வந்து சேரத்தான் நாளாயிற்று. நன்றி மறதி என்று சொல்லிவிட்டால் இந்தத் தாமதம் கண்ணில் படாமலே போய்விடும்.

நான் நெடுநேரம் நின்ற இடம் ஒரு பெயர். சனது திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி ஈ.எச்.வாலஸின் நினைவாக, வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வாலேஸ்வரன் என்றும் எழுதுவர். வ.உ.சி.யின் பெருந்தன்மைக்குச் சான்றாக இதைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 1908இல் திருநெல்வேலியில் பூர்வாங்க விசாரணை நடத்தி வ.உ.சி. மீதான வழக்கை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பியவரும் இதே வாலஸ் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன்னைக் கூண்டுக்கு அனுப்பிய கையை, ராமேசுவரன், மகேசுவரன் என்பதுபோல் ஈசுவரனாக்கி, அன்றாடம் வீட்டில் கூப்பிடும் பெயராக ஒரு சைவர் வைத்துக்கொள்கிறார் என்றால், சனது இல்லாத ஆண்டுகள் அந்தக் குடும்பத்தை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்? ஒரு பெயரின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்ற ஆவணம் சனது திரும்பியதைத்தான் சொல்லும். அது அந்த வீட்டுக்கு என்னவாக இருந்தது என்பதை இந்தப் பெயர் சொல்கிறது. அதனால் ஏற்றலாம் என்றே சொல்வேன். பெயரை வைத்து சனது திரும்பிய ஆண்டைக் கணிக்க மட்டும் நான் துணியமாட்டேன். 1920களில் என்று நிறுத்திக்கொள்வதே சரி. அதன்பின் அவர் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார்.

அந்தக் குடும்பத்தில் சிறைவாசல் காட்சியில் வராத ஒருவர் வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம். அண்ணனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கேட்டு 1908இல் அவர் மனம் பேதலித்தது. அண்ணன் வீடு திரும்பியபோதும் அவர் தெளியவில்லை.